அனுமதிப் பத்திரம் இல்லாத சிரிப்பு

மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்துரைத்த தொல்காப்பியர், நகையையே அவற்றுள் முதலில் வைத்தார். அந்நகை பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கினை எண்ணியபோதும் எள்ளலுக்கே முதலிடம் அளித்தார். இவ்வெள்ளல் இருவகைப்படும் என்று உரைகாரர் நுட்பமாக விளக்கினர். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று; பிறர் தன்னை எள்ளிய விடத்துத் தான் நகுவது மற்றொன்று. முதலாவது எவர்க்கும் எளிது. இரண்டாவதற்கு நெஞ்சுரம் வேண்டும். தன்னை இகழ்ந்து நோக்குவோரின் கண்களை நேரே பார்த்துச் சிரிக்க வல்லவரே அதனைக் கலையாக்க முடியும்.

எள்ளலின் இவ்விரு வகைகளையும் ஒருங்கே தொழிலாகக் கொண்டதொரு கூத்து மேலைநாட்டு அரங்குகளில் 'பேர்லெஸ்க்' என்னும் பெயரால் வழங்கி வருகிறது. பெயரைக் கண்டதுமே வாசக அன்பர் சிலர் இப்பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கலாம். மகளிர் மேடையில் ஆடை களையும் ஆட்டந்தானே, அதில் இலக்கியப் பகுதியொன்று பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கலாம். சற்றே பொறுமை வேண்டுகிறோம். 'பூர்லா' என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கேலி என்பது பொருள். அச்சொல்லின் வழியே வந்த பெயர்தான் பேர்லெஸ்க். கேலி இக்கூத்துடன் உடன்பிறந்தது. ஆடை களைதலோ இரு நூற்றாண்டுகள் கழிந்த பின்னர் அதனுடன் வந்து ஒட்டிக்கொண்டது. பின்னர் வந்ததை மட்டும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டு, பிறவிக் குணத்தை மறந்துவிட்டது. அந்த மறதியைச் சற்றே கலைப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

1728 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இலண்டன் மாநகரில் ஜோன் கே எழுதிய 'பிச்சைக்காரர் இசைநாடகம்' மேடையேறியது. அக்காலத்து ஆங்கிலப் பிரபுக்கள் இத்தாலிய இசைநாடகத்தில் மயங்கிக் கிடந்தனர். பாடலின் மொழி விளங்காவிடினும் வியந்து தலையசைப்பதே நாகரிகம் எனக் கருதப்பட்டது. கே அந்த இசைநாடகத்தின் கட்டுக்கோப்பை அவ்வாறே எடுத்துக்கொண்டார். தேவரும் மன்னரும் நின்ற இடத்திலே கள்வரையும், களவுப்பொருள் வாங்குவோரையும், சிறைக்காவலரையும் கொண்டுவந்து நிறுத்தினார். இத்தாலிய மெட்டுக்கள் ஒலித்த இடத்திலே தெருவிற் பாடப்பட்ட நாட்டு மெட்டுக்களைப் பொருத்தினார். நாடகம் முதற் பருவத்திலேயே 62 இரவுகள் நடைபெற்றது. கள்வர் கூட்டம் பேசிய நியாயங்களும், முதலமைச்சர் வோல்போலைச் சூழ்ந்தோர் பேசிய நியாயங்களும் வேறு வேறல்ல என்பதை அவையோர் யாவரும் உணர்ந்து சிரித்தனர். ஆள்வோர்க்கு அச்சிரிப்பு இனிக்கவில்லை. கே தொடர்ந்து எழுதிய 'பொலி' என்ற நாடகம் மேடை காணாதபடி தடுக்கப்பட்டது. அவர் அதனை அச்சேற்றி விற்றுப் பெரும் பொருள் ஈட்டினார் என்பது வேறு கதை.

அவரைத் தொடர்ந்து வந்தவர் ஹென்றி பீல்டிங். கட்டைவிரல் அளவே உடைய டொம் தம்ப் என்னும் வீரனைத் தலைவனாக்கி அவர் எழுதிய நாடகம் 1730 இல் அரங்கேறியது. மறுவருடம் அது மேலும் விரிந்து 'துன்பியல்களின் துன்பியல்' ஆயிற்று. அரசியர் இவ்விரலளவு வீரன்மீது காதல் கொள்கின்றனர். இடியென முழங்கும் வசனங்கள் பேசப்படுகின்றன. இறுதியில் வீரனை ஒரு பசு விழுங்கிவிட, எஞ்சியோர் ஒருவரையொருவர் கொன்று மேடையை நிறைக்கின்றனர். வீராவேச நாடகங்களின் வெற்றாரவாரத்தை இதனினும் சுருக்கமாக எவரும் உடைத்ததில்லை. ஆனால் பீல்டிங் புலவர்களோடு நின்றாரில்லை, அமைச்சர்களையும் தொட்டார். 1737 இல் நாடகச் சட்டம் பிறந்தது. இனி எந்த நாடகமும் அரச மாளிகை அதிகாரியின் அனுமதி பெற்றே மேடையேற வேண்டும் என்றாயிற்று. அச்சட்டத்தின் தணிக்கைப் பிடி பிரித்தானிய அரங்கிலிருந்து முற்றாக அகன்றது 1968 ஆம் ஆண்டிலேதான். பீல்டிங் மேடையைத் துறந்து சட்டம் பயின்றார், நாவல் எழுதினார். எள்ளல் நாடகம் இழந்தவரை ஆங்கில நாவல் இலக்கியம் பெற்றது.

இங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. வசன நாடகம் நடத்தும் உரிமை இரண்டொரு பெரிய அரங்குகளுக்கே வழங்கப்பட்டிருந்தது. ஏனைய சிற்றரங்குகள், பாட்டும் இசையும் கலந்த கதம்பக் காட்சிகளையே நடத்தலாம். அணையிட்டுத் தடுத்த நீர் பக்கத்து வயல்களில் ஊறிப் பயிர் வளர்த்ததுபோல, இத்தடையே சிற்றரங்குகளில் எள்ளற் கூத்தைத் தழைக்கச் செய்தது. ஒலிம்பிக் என்ற சிற்றரங்கினை வெஸ்ட்ரிஸ் அம்மையார் குத்தகைக்கு எடுத்து 1831 ஜனவரியில் திறந்தார். பெண்ணொருத்தி அரங்கு நடத்துவதே அந்நாளில் அதிசயம். அவர் திறப்பு விழாவுக்குத் தேர்ந்தது, பண்டோராவின் பழங்கதையை எள்ளி நகையாடும் பிளான்ஷேயின் நாடகம். பண்டோராவாக அம்மையாரே தோன்றினார்.

பிளான்ஷே செய்த புதுமையொன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதுவரை எள்ளல் நாடகத்தில் தோன்றுவோர் கோமாளி உடையில் வருவதே வழக்கம். பிளான்ஷே ஆடை வரலாற்றை ஆய்ந்த அறிஞர். பிரித்தானிய உடைகளின் வரலாறு பற்றி 1834 இல் நூலொன்றும் வெளியிட்டவர். அவர் தம் பாத்திரங்களுக்கு உண்மையான கிரேக்க உடைகளையே அணிவித்தார். தேவரின் தோற்றத்தில் குறையொன்றும் இல்லை. வாய் திறந்தால் வருவதோ இலண்டன் சந்தைப் பேச்சு. தோற்றத்தின் பெருமைக்கும் பேச்சின் சிறுமைக்கும் இடையே தோன்றிய இடைவெளியிலே சிரிப்புப் பிறந்தது. கோமாளியைக் கோமாளியாக்குவதில் என்ன திறமை இருக்கிறது? பெருமையுடையார் போல் நிற்பவரின் உள்ளீட்டைக் காட்டுவதே எள்ளலின் உயர்ந்த நிலை. பழிகரப்பு அங்கதம் என்று நம்மவர் குறித்ததும் ஏறக்குறைய இதுவே.

இக்கூத்து அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து பேரலையென எழுந்தது 1868 ஆம் ஆண்டில். லிடியா தொம்சன் என்னும் ஆங்கில நடிகை தம் மகளிர் குழுவுடன் நியூயோர்க் சென்று, செப்ரெம்பர் மாதத்தில் 'இக்சியோன்' என்ற எள்ளல் நாடகத்தை நடத்தினார். யூப்பிற்றரின் விருந்துக்குச் சென்று அவர் மனைவியையே விரும்பித் துன்புற்ற மன்னன் கதை அது. மன்னனாக நடித்தவர் லிடியாவே. தேவர்களாகவும் பெரும்பாலும் பெண்களே தோன்றினர். காலை இறுகப் பிடிக்கும் ஆணுடை தரித்து, தேவர் வாயாலே அன்றாட அரசியலைப் பேசி, நேற்றைய பத்திரிகைச் செய்தியை இன்றைய பாட்டில் கோத்து, சிலேடைகளைச் சரமாரியாகப் பொழிந்தனர். நகரமே திரண்டது.

அவ்வரங்கில் மகளிரின் கால்கள் தெரிந்தன என்பது மெய்யே. ஆயின் கற்றறிந்தோரைக் கலங்கவைத்தது அதுவன்று என்பதற்குச் சான்றுண்டு. வில்லியம் டீன் ஹவெல்ஸ் என்ற பெரிய எழுத்தாளர் 1869 இல் 'அட்லாண்டிக்' மாத சஞ்சிகையில் இப்புதிய கூத்தைப் பற்றி எழுதினார். இந்நடிகையர் ஆண்மையைப் போலி செய்கின்றனர், பெண்மையையும் போலி செய்கின்றனர், ஆகவே இருபாலும் அல்லாத ஏதோ வேற்றுப் பிறவிகளாய்த் தோன்றுகின்றனர் என்று அவர் தடுமாறினார். அத்தடுமாற்றம் ஒரு நேர்மையான வாக்குமூலம். அக்காலத்துப் பாலே நடனத்திலும் கால்கள் தெரிந்தன. ஆனால் அங்கே ஆடியவள் பேசவில்லை. பார்க்கப்படுபவள் வாய் பேசாதவரையில் பார்ப்பவனுக்குச் சங்கடமில்லை. அவள் பேசத் தொடங்கி, பார்ப்பவனையே கேலி செய்தாளாயின் இருவரின் நிலையும் மாறிவிடுகிறது. மேடையில் நிற்பவள் காட்சிப் பொருளா, காண்பவளா? லிடியா தொம்சனின் குழு எழுப்பிய வினா இதுவே. இதனைக் காட்டிலும் புதுமையான வினாவை அந்நூற்றாண்டின் அரங்கு எழுப்பியது அரிது.

பத்திரிகைகள் தாக்கின. 'சிக்காகோ டைம்ஸ்' பத்திரிகையின் ஆசிரியர் வில்பர் ஸ்டோரி இந்நடிகையரின் ஒழுக்கத்தையே பழித்து எழுதினார். 1870 பெப்ரவரியில் லிடியா தம் துணைவருடனும் குழுவினருடனும் சிக்காகோத் தெருவில் அவரை எதிர்கொண்டு குதிரைச் சவுக்கால் விளாசினார். நீதிமன்றம் அபராதம் விதித்தது. மக்கள் அரங்குக்கு மேலும் திரண்டனர். இதனை எழுதும்போது ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாமும் சற்றே நிமிர்ந்து உட்காருகிறோம். சவுக்கை நாம் ஆதரிப்போமல்லோம். ஆயினும் பேனா பிடித்தவன் தான் பாராத கலையை, தான் அறியாத கலைஞரின் நடத்தையை வைத்து மதிப்பிட்டால், அது விமரிசனம் ஆகாது என்ற பாடத்தை மட்டும் பணிவுடன் ஏற்றுக்கொள்கிறோம்.

அப்பால் வந்த காலம் வணிகருடையது. பாட்டும் விகடமும் முதலில், வேடிக்கை வித்தைகள் நடுவில், முழு நாடகக் கேலி இறுதியில் என மூன்று பகுதிகளாக நிகழ்ச்சி வகுக்கப்பட்டது. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களை இழிவுசெய்த வேறொரு கூத்திலிருந்து இவ்வமைப்பு இரவல் பெறப்பட்டது என்பதையும் மறைத்தலாகாது. எள்ளல் எப்போதும் மேல்நோக்கியே பாய்ந்தது என்று நாம் சொல்லவில்லை. எளியாரை எள்ளிக் காசு பார்த்த பக்கங்களும் இதன் வரலாற்றில் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லெஸ்க் குழுக்கள் ஊர் ஊராய்ச் சுற்றிவந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'சக்கரம்'. இக்சியோனின் கதையில், தேவர்கள் அவனை ஓயாது சுழலும் சக்கரத்தில் பிணைத்தனர். அவனைப் பாடி வந்த கூத்தும் ஈற்றில் ஒரு சக்கரத்திலேயே பிணைக்கப்பட்டது. வாரம் ஓர் ஊர், நாளொன்றுக்கு இருமுறை மேடை, குறைந்த கூலி. எனினும் அச்சக்கரம் ஒரு பள்ளிக்கூடமாகவும் விளங்கிற்று. சிரிக்க மறுக்கும் கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் வித்தையை விகடகவிகள் அங்கே கற்றனர். அபொட், கொஸ்டெல்லோ இணையின் புகழ்பெற்ற பந்தாட்ட உரையாடல் பேர்லெஸ்க் மேடையின் பழஞ் சொல்விளையாட்டுக்களில் வேர்கொண்டது. பேர்ட் லார் அச்சக்கரத்தில் வளர்ந்தவர். 1939 இல் 'ஒஸ் மந்திரவாதி' திரைப்படத்தில் கோழைச் சிங்கமாக வந்து உலகக் குழந்தைகளைக் கவர்ந்தவர். சாமுவேல் பெக்கெற்றின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' 1956 இல் அமெரிக்காவில் முதன்முதல் மேடையேறியபோது, எஸ்திரகோனாக நடித்தவரும் அவரே. நவீன நாடகத்தின் உச்சியெனப் பண்டிதர் போற்றும் படைப்பில், தொப்பியை மாற்றி மாற்றி அணியும் அந்தக் காட்சியின் ஊற்று எதுவென்று, பேர்லெஸ்க் மேடையில் நின்ற கால்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நியூயோர்க்கில் மின்ஸ்கி சகோதரர் நடத்திய அரங்கொன்று, குடியேறிய ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் புறத்தில் ஒரு கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தது. அங்கே தொழிலாளரும் கடைச்சிப்பந்திகளும் மட்டுமா சென்றனர்? ஈ. ஈ. கமிங்ஸ் என்ற கவிஞர் சென்று, ஒரு பொருளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே கணத்தில் காட்டவல்ல கலை இதுவென 1925 இல் கட்டுரை எழுதினார். ஹார்ட் கிரேன் தம் நெடுங்கவிதையான 'பால'த்தின் ஒரு பகுதிக்கு அவ்வரங்கின் பெயரையே சூட்டினார். பாமரர்க்குச் சிரிப்பும் கவிஞர்க்குச் சிந்தனையும் ஒரே கூரையின் கீழ்க் கிடைத்தன.

ஆடை களைதல் இக்காலத்திலேதான் கூத்தின் நடுவிடத்துக்கு வந்தது. கண்டிப்பான விமரிசகர் இங்கே பேனாவை மூடிவிடுவர். நாமோ இங்கேதான் கூர்ந்து பார்க்க விரும்புகிறோம். சாலி ராண்ட் 1933 இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் தீக்கோழி இறகாலான இரண்டு பெரும் விசிறிகளுடன் ஆடினார். பலமுறை கைது செய்யப்பட்டார். அவர் ஆட்டத்தின் உயிர் காட்டுவதில் இல்லை. விசிறிகளின் இயக்கத்தில், மறைத்தலின் தாளத்தில் இருந்தது. எதைப் பார்த்தோம் என்று அவையோரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பார்வையாளன் தன் கற்பனையைத் தானே பார்த்துவிட்டு வீடு திரும்பினான்.

ஜிப்ஸி ரோஸ் லீ இன்னும் ஒருபடி மேலே சென்றார். அவர் ஆடியதைவிடப் பேசியதே மிகுதி. ஆடையின் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றியபடியே, ஓவியரையும் தத்துவ ஞானிகளையும் பற்றிக் கற்றோர் பாணியிலே பேசுவார். ஆடை களையும் பெண்ணின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று நினைக்கிறீர்கள் என அவையைக் கேட்டு, அவர்கள் நினைத்தது அல்லாத அனைத்தையும் அடுக்குவார். இச்சையுடன் வந்தவன் தன் இச்சையே கேலிப் பொருளானதைக் கண்டு சிரித்தான். அறிவாளி வந்தால் அவன் அறிவுச் செருக்கும் கேலியாயிற்று. எள்ளப்பட்டவழித் தான் நகுதல் என்ற உரைகாரர் கூற்றுக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுவதில்லை. இவ்வம்மையார் 1941 இல் துப்பறியும் நாவலொன்றும், 1957 இல் தம் வாழ்க்கைக் கதையும் எழுதினார். பின்னது 1959 இல் 'ஜிப்ஸி' என்ற இசை நாடகமாகி, அமெரிக்க அரங்கின் சிறந்த படைப்புக்களுள் ஒன்றெனப் பெயர் பெற்றது.

அதே நகரில், 1937 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆணை பிறந்தது. நகரபிதா லா கார்டியாவின் ஆட்சியில், அனுமதிப் பத்திர அதிகாரி நியூயோர்க்கின் பேர்லெஸ்க் அரங்குகளுக்கு அனுமதிப் பத்திரங்களைப் புதுப்பிக்க மறுத்தார். பின்னர் 'பேர்லெஸ்க்' என்ற சொல்லும் 'மின்ஸ்கி' என்ற பெயரும் அரங்க முகப்புக்களில் இருந்து அகற்றப்பட்டன. இலண்டனில் நாடகச் சட்டம் பிறந்து சரியாக இருநூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்று அமைச்சரின் மானம் காக்கத் தடை. இன்று நகரத்தின் ஒழுக்கம் காக்கத் தடை. ஒரு சொல்லையே தடைசெய்யும் அளவுக்கு அதிகாரம் அஞ்சியது எதனை என்று கேட்கத் தோன்றுகிறது. ஆடை குறைந்த ஆட்டம் அதன் பின்னரும் வேறு பெயர்களில், விலையுயர்ந்த விடுதிகளில் நடைபெற்றது. ஏழையின் அரங்கு மட்டும் மூடப்பட்டது. விகடகவிகளும் வாத்தியக்காரரும் தையற்காரரும் ஆடுமகளிரும் ஒரே நாளில் பிழைப்பை இழந்தனர். விகடம் வானொலிக்கும் திரைப்படத்துக்கும் குடிபெயர்ந்தது. எஞ்சிய இடங்களில் வெறும் ஆடை களைதல் தனித்து நின்றது. பேச்சை இழந்த ஆட்டம், முன்னர் நாம் கண்ட பாலே மகளிரைப் போல ஊமையாயிற்று. ஒழுக்கத்தின் பெயரால் விதிக்கப்பட்ட தடை ஒழித்தது ஆபாசத்தையன்று. அறிவையும் சிரிப்பையும் ஒழித்துவிட்டு, எஞ்சியதை உலகத்தின் கண்களில் ஆபாசமாக்கிற்று.

எதிர்வாதம் ஒன்றை நாம் ஒதுக்கிவிட இயலாது. இவ்வரங்குகளில் பெண்கள் சுரண்டப்படவில்லையா? சுரண்டப்பட்டனர். உழைப்புக்குத் தக்க கூலி இன்மையால் 1935 இல் நியூயோர்க்கின் பேர்லெஸ்க் கலைஞர்கள் வேலைநிறுத்தமே செய்தனர். முதலாளி மேடையில் ஒரு பெண்ணை நிறுத்துவது அவள் அறிவைக் காட்டுவதற்கன்று என்பதை நாம் அறிவோம். ஆயின் குறை கூலியிலும் முதலாளியிலும் இருக்க, தண்டனை கலைக்கும் கலைஞருக்கும் விதிக்கப்பட்டது என்பதே எமது முறையீடு. ஆடை களைதல் யாவும் கலை என்பதும் எம் வாதமன்று. ஓர் எளிய உரைகல்லை மட்டும் முன்வைக்கிறோம்: மேடையில் சிரிப்பவர் யார்? சிரிப்புக்கு ஆளாபவர் யார்? ஆடுபவள் தன் காட்சியைத் தானே ஆள்கின்றாளா, அன்றிப் பிறர் ஆட்டுவிக்க ஆடுகின்றாளா? இவ்வினாக்களுக்கு விடை ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறுபடும். அதனை அறியப் பார்த்தே ஆகவேண்டும். பாராது தீர்ப்பளித்தல் தகாது.

தொலைக்காட்சி பரவிய காலத்தில் இக்கூத்து முற்றாக மறைந்துவிட்டதென்றே பலர் எண்ணினர். அதனைக் காத்தவை பல்கலைக்கழகங்களா, அரசாங்கக் கலைக்கழகங்களா? அல்ல. 1955 இல் ஆடுமகளிர்க்கெனச் சங்கம் அமைத்தவர் ஜெனி லீ என்ற ஆடுமகள். மூப்படைந்த தம் தோழியரின் விசிறிகள், செருப்புகள், ஆடைகள், சுவரொட்டிகள், நிழற்படங்கள் யாவற்றையும் அவர் திரட்டினார். கலிபோர்ணியாப் பாலைவனத்தில் முன்னர் ஆட்டுப்பண்ணையாக இருந்த ஓரிடத்தில் அவற்றைச் சேர்த்து வைத்தார். அவர் 1990 இல் காலமானபின், டிக்ஸி எவன்ஸ் என்னும் முதிய ஆடுமகள் அப்பணியை ஏற்றார். மரிலின் மன்றோவைப் போலி செய்து ஒருகாலத்தில் பெயர் பெற்றவர் அவர். வெயில் கொளுத்தும் அப்பாலை நிலத்துக்கு வழிதேடி வந்த ஓரிருவரையும் தாமே அழைத்துச் சென்று, ஒவ்வொரு பொருளுக்கும் உரியவளின் கதையைச் சொன்னார். ஆண்டுதோறும் போட்டியொன்றையும் நடத்தத் தொடங்கினார். காணச் சென்ற இளம் பெண்கள் அங்கேயே கற்கவும் தொடங்கினர். அக்காட்சிச்சாலை 2006 இல் லாஸ் வேகாஸ் நகருக்கு மாறியது. டிக்ஸி எவன்ஸ் 2013 இல் மறைந்தார். ஒரு கலையின் ஆவணச்சாலையை அதன் கலைஞரே தம் மூப்புக் காலத்தில், கைப்பொருள் செலவிட்டுக் காத்த செய்தியை எண்ணுந்தோறும் எம் நெஞ்சம் நெகிழ்கிறது. இழிந்த தொழில் என்று உலகம் தூற்றியதை அவர்கள் தம் வாழ்வின் பெருமையெனக் கருதினர்.

1990 களில் நியூயோர்க்கிலும் லொஸ் ஏஞ்சல்ஸிலும் இக்கூத்து மீண்டும் துளிர்த்தது. இம்முறை அதனை நடத்தியோரும் எழுதியோரும் ஆடியோரும் பெரும்பாலும் பெண்களே. எள்ளலும் மீண்டது. டேர்ட்டி மார்ட்டினி என்னும் மேடைப்பெயருடைய நடனமணி, அழகுப் போட்டிகள் ஏற்காத பருத்த மேனியுடன் நீதி தேவதையின் வேடத்தில் தோன்றி, டொலர் நோட்டுக்களை விழுங்கிக் காட்டுகிறார். அமெரிக்க நீதி எதனை உண்டு உயிர்வாழ்கிறது என்பதற்குத் தலையங்கம் எழுத நமக்கு இரண்டு பத்தி வேண்டும். அவருக்கு இரண்டு நிமிடம் போதும். ஜூலி அட்லஸ் மஸ் என்பவர் பேருருவான பலூன் ஒன்றின் உள்ளே புகுந்து ஆடுகிறார். சாலி ராண்ட் 1930 களில் பெருங் குமிழொன்றை ஏந்தி ஆடினார். பேர்த்தி முறையினரான இவரோ குமிழுக்குள்ளேயே போய்விட்டார். மரபு என்பது இவ்வாறன்றோ வளரும்! இவ்விருவரும் தம் தோழியருடன் நடித்த 'தூர்னே' என்ற பிரெஞ்சுத் திரைப்படத்துக்காக மத்தியூ அமல்ரிக் 2010 இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நெறியாளர் பரிசு பெற்றார். அப்படத்துக்கு வித்திட்டவை, தாமும் மேடையில் ஆடிப் பிழைத்த எழுத்தாளர் கொலெத்தின் அரங்கப் பின்புறச் சித்திரங்கள். ஆடியவள் எழுதினாள், எழுதியது படமாயிற்று, படத்தில் மீண்டும் ஆடுபவளே வந்து நின்றாள்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகிறது. எள்ளற் கூத்தின் புதுமைகள் யாவும் தடைகளின் ஓரத்திலேயே பிறந்தன. வசனம் பேசக்கூடாது என்றபோது பாட்டில் பேசினர். ஆண் வேடம் தகாது என்றபோது தேவர் வேடம் தரித்தனர். காட்டக்கூடாது என்றபோது மறைப்பதையே கலையாக்கினர். இதனைக் கொண்டு தடைகள் நல்லவை என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். தடையை மீறித் தழைத்தோரின் பெயர்களே நமக்குத் தெரிகின்றன. தடையால் பட்டுப்போனவர்களின் பெயர்களை எவர் எழுதிவைத்தனர்? ஆட்டுப்பண்ணையில் அடுக்கி வைக்கப்பட்ட பழைய செருப்புகளுள் எத்தனையோ அத்தகையோருடையவை.

கலைகளுள் உயர்குலம், இழிகுலம் என்று வகுப்போரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. தீர்ப்பு எழுதுமுன் அவைக்குள் ஒருமுறை சென்று அமருங்கள். சிரிப்பு எழும்போது அது எங்கிருந்து எழுகிறது, எவரை நோக்கிச் செல்கிறது என்று கவனியுங்கள். அது வலியாரின் பொய்ப் பெருமையை நோக்கிச் செல்லுமாயின், அச்சிரிப்பை எழுப்புவோர் எந்த உடையில் நின்றாலும், உடையே இன்றி நின்றாலும், அவர்கள் கலைஞரே. அவர்களுக்குரிய வரிசையில் ஓர் ஆசனம் இடுதல் விமரிசகர் கடன். சிரிப்புக்கு அனுமதிப் பத்திரம் வழங்கும் அதிகாரம் எந்த மன்னனுக்கும், எந்த நகரபிதாவுக்கும், எந்தப் பத்திரிகாசிரியனுக்கும் இன்றுவரை கிடைத்ததில்லை. இனியும் கிடையாதிருப்பதாக!